நேராக ஒரு படம்

அப்பா படம் எடுத்து முடித்ததும் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே வந்து என் எதிரில் உட்கார்ந்துகொள்வார். "எப்படி இருக்குது, பார்த்துச் சொல்லு" என்பார். நான் பார்ப்பேன். "நல்லா இருக்குதுப்பா" என்பேன். இந்த இரண்டு வசனங்களைத் தாண்டி எங்கள் வீட்டில் புகைப்படக் கலை வளர்ந்ததில்லை.

நல்லா இருக்குது என்று நான் சொல்வதற்குப் பெரிய அர்த்தம் ஒன்றும் கிடையாது. சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆச்சு என்கிறோமே, அந்த மாதிரிதான். பகல் முழுக்கக் கடையில் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு படம், அதுவும் என்னுடைய மூஞ்சி. அதைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை.

என் வேலை ஆரணியில் ஒரு பட்டுக்கடையின் மாடியில். கீழே வியாபாரம். மேலே நாங்கள் புடவையை ஒரு பெண்ணுக்குக் கட்டிவிட்டு, விளக்கு வைத்துப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் நிறத்தைச் சரிபண்ணி, வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவோம். எங்கள் தொழிலில் ஒரே ஒரு பாவம்தான் உண்டு, புடவையின் நிறம் மாறிவிடுவது. அரக்கு, சிவப்பாகத் தெரிந்துவிட்டால் புடவை திரும்பி வந்துவிடும். அதனால் கையில் இருக்கும் புடவையும் திரையில் இருக்கும் புடவையும் ஒன்றாகும்வரை நிறத்தை இழுத்துக்கொண்டே இருப்போம். அதைக் கட்டியிருக்கும் பெண்ணின் முகம் பச்சையடித்தாலும் சாம்பல் பூத்தாலும் கேட்க ஆள் கிடையாது. எனக்கு மேலே இருக்கும் கீதா அக்கா ஒவ்வொரு படத்துக்கும் குறை சொல்வாள். "பார்டரை வெட்டிட்ட பாரு." "ஜரிகை ரொம்ப மஞ்சளா அடிக்குது, கொஞ்சம் இறக்கு." நான் இறக்குவேன். அவள் சொல்வதால் எனக்குக் கோபமும் வராது, வருத்தமும் வராது. அதனாலேயே நல்ல வேலைக்காரி என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

ஏழு வருடங்களுக்கு முன்னால் ஒரு காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் வலது ஓரமாகத் தானாக வழிந்தது. முகவாதம் என்றார்கள். மாத்திரை, வேலூரில் கரண்ட் வைத்தியம், கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தை உப்புவது எல்லாம் ஆயிற்று. பெரும்பங்கு திரும்பி வந்தது, கொஞ்சம் வரவில்லை. சும்மா இருந்தால் ஒன்றும் தெரியாது. சிரித்தால் இடது பக்கம் மட்டும் சிரிக்கும். வலது பக்கம், அடுத்த வீட்டு விசேஷத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் அப்படியே நிற்கும். தொட்டால் தெரியும், சுட்டாலும் தெரியும். சொன்னால் கேட்காது, அவ்வளவுதான். முதல் வருடம் அழுதேன். பிறகு அந்தப் பக்கத்தின் குணம் எனக்குள்ளும் இறங்கிவிட்டது. எது நடந்தாலும் வேடிக்கை பார்க்கிற மாதிரி இருந்தது. இது நல்லதற்கா கெட்டதற்கா என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் கல்யாணப் பேச்சு மும்முரமானது. முதல் படம் எடுக்க பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டூடியோவுக்குப் போனோம். ஸ்டூடியோக்காரர் "கொஞ்சம் சிரிங்க மேடம், இன்னும் கொஞ்சம், ரெண்டு பக்கமும் சிரிங்க" என்றார். அப்பா என் கையைப் பிடித்து எழுப்பி வெளியே அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் தாத்தாவரைக்கும் நெசவுக்காரர்கள். அப்பா தசரதன் மட்டும் தறியில் உட்காராமல் பஸ்ஸில் ஏறியவர். ஆரணி வந்தவாசி தடத்தில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனார். ஆன கையோடு ஒரு பழைய கேமரா வாங்கினார். "எம் பொண்ண நானே எடுத்துக்கறேன்" என்றார். அம்மா உண்ணாமலை தலையில் அடித்துக்கொண்டாள்.

படம் எடுக்கப் பழகுவதற்கென்று அவர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார். யாரும் தாங்கள் எடுத்ததைப் போடலாம், மற்றவர்கள் குறை நிறை சொல்வார்கள். வந்தவாசியில் இருக்கும் அன்புச்செல்வன் என்கிற கணக்கு வாத்தியார்தான் அதற்குத் தலைவர். அப்பா கமண்டல நாகநதிக் கரையில் மேயும் ஆடுகளை எடுத்துப் போட்டார், ரைஸ்மில் புகைபோக்கியைப் போட்டார். "தரை சாய்ந்திருக்கிறது சார்." "ஆட்டின் காலை வெட்டிவிட்டீர்கள்." "வானம் வெளுத்துவிட்டது." பஸ் படியில் நிற்பவனை ஊரே கேட்கும்படி வைது உள்ளே தள்ளிய மனிதர், ஒவ்வொன்றுக்கும் கைகூப்பும் பொம்மை போட்டு, 'நன்றி சார், திருத்திக்கிறேன்' என்று எழுதினார். உண்மையாகவே திருத்திக்கொண்டார் என்பதுதான் ஆச்சரியம். அடுத்த வாரத்து ஆடுகளுக்குக் கால் இருந்தது.

என்னை எடுத்த படங்கள் தரகர் காத்தவராயனிடம் போகும். வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் நம்மிடம் நேராகச் சொல்ல மாட்டார்கள். தரகரிடம் சொல்வார்கள், அவர் அப்பாவிடம் சொல்வார், அப்பா என்னிடம் சொல்வார். என்னிடம் வந்து சேரும்போது அது எப்போதும் புகைப்படத்தின் குறையாகவே இருக்கும். "லைட்டு பத்தலமா. மூஞ்சி தெளிவாத் தெரியலன்னாங்களாம்." இன்னொரு தடவை, "பின்னாடி கதவு வந்துடுச்சி, அதான் ஒரு மாதிரி இருக்குது." மறுவாரம் வேறு புடவை, வேறு சுவர், வேறு ஜன்னல். எல்லாவற்றிலும் இடது கன்னத்தைத்தான் காட்டிக்கொண்டு நிற்பேன். திரும்பு என்று அவர் சொன்னதில்லை, நானாகத் திரும்பிக்கொள்வேன்.

போன தை மாதம் அவர் என் படத்தையே அந்தக் குழுவில் போட்டுவிட்டார். மகள் என்று எழுதவில்லை, 'போர்ட்ரெய்ட் முயற்சி' என்று எழுதியிருந்தார். எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், வந்த பதில்களை என்னிடமே படித்துக்காட்டச் சொன்னார், கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டாராம்.

"மாடல் விறைப்பாக இருக்கிறார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுங்கள்" என்று ஒருவர். "கண்ணில் ஒளிப்புள்ளி இல்லை, கண் செத்திருக்கிறது" என்று ஒருவர். "கன்னத்தில் பிளாஸ்டிக் மாதிரி வழுவழுப்பு. எடிட்டிங்கைக் குறைக்கவும்" என்று இன்னொருவர். கடைசியில் அன்புச்செல்வன் வாத்தியார் எழுதியிருந்தார்: "நம் கண் இடமிருந்து வலமாகப் போகும். உங்கள் மாடல் இடது பக்கம் பார்க்கிறார். படத்தை அப்படியே வலமாகத் திருப்பிவிடுங்கள், உயிர் வந்துவிடும்."

ஒரு செய்தி வாசிப்பவள்போல் எல்லாவற்றையும் வாசித்தேன். எனக்கு வலிக்கவில்லை. புடவையைப் பற்றி நாங்கள் பேசுகிற மாதிரி அவர்கள் என்னைப் பற்றிப் பேசினார்கள். அது ஒரு விதத்தில் நிம்மதியாகவும் இருந்தது. பரிதாபம் இல்லை, பார்டர் வெட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்பா நன்றி எழுதிவிட்டுப் படத்தைத் திருப்பினார். "இப்போ எப்படி இருக்குது?"

பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. படத்தைக் கண்ணாடிபோல் திருப்பினால் எல்லாமும் பக்கம் மாறும். என் இடது தோளில் கிடந்த முந்தானை வலது தோளுக்குப் போயிருந்தது. நம் ஊரில் எந்தப் பெண் வலது தோளில் முந்தானை போடுகிறாள்? கடையில் இப்படி ஒரு படம் அனுப்பியிருந்தால் கீதா அக்கா என்னை உயிரோடு விட்டிருக்க மாட்டாள். அப்பா முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பற்றித்தான் கேட்டார். "நல்லா இருக்குதுப்பா" என்றேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

அந்தப் படம் காத்தவராயன் மூலமாகத் தெய்வநாயகி அம்மாள் வீட்டுக்குப் போனது. கொசப்பாளையத்தில் நாலு தறி வைத்து, பட்டு வியாபாரமும் செய்கிற குடும்பம். மகன் ஹேமநாத் கணக்கு வழக்கெல்லாம் பார்த்துக்கொள்கிறவர். அங்கிருந்து லைட்டு பத்தவில்லை என்று பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறோம் என்று பதில் வந்தது. அம்மா கேசரி கிளறினாள்.

தெய்வநாயகி அம்மாள் உட்கார்ந்ததும் கேசரியைத் தொடவில்லை. போனை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"இன்னாங்கண்ணா இது. நெசவுக்காரர் வூட்ல பொறந்துட்டு முந்தானை எந்தப் பக்கம்னு தெரியாமப் போச்சா?"

அப்பா போனை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் என்னைத்தான் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"செல்ஃபின்னா திரும்பிக்கும், எனக்கும் தெரியும்" என்றாள் அவள். "இது கேமராவுல எடுத்தது. வேணும்னே திருப்பிக்கிறீங்க. ஏன் திருப்பணும்னு ராவெல்லாம் யோசிச்சிக்கினு இருந்தேன். போன்லயே வேணாம்னு சொல்லிக்கலாம். மனசு கேக்கல, அதான் வந்துட்டோம்."

"திருத்திக்கிறேம்மா" என்றார் அப்பா. குழுவில் எழுதி எழுதி அது வாயில் ஊறிவிட்டது. சபையில் யாரும் சிரிக்கவில்லை.

காத்தவராயன் நடுவில் புகுந்து, "அது ஒண்ணும் இல்லிங்க, டெக்னிக்கல் மிஸ்டேக்கு" என்றார். அவள் அவரைக் கையமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லும்மா. இன்னா விஷயம்?"

"எனக்கு மொகத்துல வாதம் வந்துச்சிங்க. வலது பக்கம் சரியா அசையாது" என்றேன். இதைச் சொல்ல எனக்கு எந்தச் சிரமமும் இல்லை. மருந்துக்கடையில் விலாசம் சொல்வதுபோலத்தான் சொன்னேன். அம்மாதான் உள்ளே போய்விட்டாள்.

தெய்வநாயகி அம்மாள் தலையை ஆட்டினாள். கெட்டவள் இல்லை. கறார்க்காரி, அவ்வளவுதான். "சரி. எங்க வூட்ல பெரியவன் மெட்ராஸ்ல கீறான். எங்க அக்கா பெரணமல்லூர்ல. அவங்கல்லாம் பாக்கணும் இல்ல? நேரா ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. சிரிச்ச மாதிரி. இப்பவே எடுங்க, அதுக்கு மேல கைவைக்க வேணாம்."

அப்பா உள்ளே போய்க் கேமராவை எடுத்துக்கொண்டு வந்தார். நான் எழுந்து ஜன்னலுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நல்ல காலை வெளிச்சம். முந்தானை இடது தோளில் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். அப்போது, அது வரை சுவரோரமாகப் பேசாமல் இருந்த ஹேமநாத் எழுந்து வந்து, நாற்காலிக்குப் பின்னால் வாசல்பக்கம் தொங்கிய துண்டை எடுத்து ஓரமாக வைத்தார். "படத்துல வரும்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்தேன். அந்த ஸ்டூடியோவுக்குப் பிறகு ஒரு கேமராவை நேராகப் பார்த்தது அன்றுதான்.

அப்பா கேமராவில் கண்ணை வைத்தார். பட்டனை அழுத்தவில்லை. ஒரு பக்கத்துச் சிரிப்பை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தால் தாடை இழுக்கும். நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கி, "சிரிச்சா வலிக்குதாமா?" என்று கேட்டார்.

வைத்தியம் பார்த்த டாக்டர்கள் கேட்டிருக்கிறார்கள். அப்பா கேட்டதே இல்லை.

"இல்லப்பா. எடுங்க."

எடுத்தார். ஒன்றே ஒன்று. ஹேமநாத் அதைத் தன் போனில் வாங்கிக்கொண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "நல்லா வந்துக்குதுங்க" என்றார். முகத்தைச் சுளிக்கவில்லை, பாவப்படவும் இல்லை. போகும்போது தெய்வநாயகி அம்மாள் கேசரியில் இரண்டு வாய் எடுத்தாள். கலந்துபேசிச் சொல்வதாகச் சொன்னாள்.

மறைப்பானேன், எனக்கு ஆசை வந்துவிட்டது. அந்தத் துண்டை எடுத்து ஓரமாக வைத்ததை நினைத்துக்கொண்டே இருந்தேன். நேராகப் பார்த்த பிறகும் ஒருவர் நல்லா வந்திருக்கிறது என்று சொன்னாரே என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருடம் எதற்கும் அசையாதவளுக்கு இது பெரிய தொந்தரவாக இருந்தது. மரத்துப்போன காலில் ரத்தம் திரும்ப ஓடும்போது குத்துமே, அப்படிக் குத்தியது. கடையில் என் அரக்குகள் எல்லாம் சிவப்பாகப் போய்க்கொண்டிருந்தன. மாம்பழ மஞ்சள் எலுமிச்சையானது. "இன்னாடி ஆச்சு உனக்கு? கண்ணு கிண்ணு செக் பண்ணு" என்று கீதா அக்கா சொன்னபோது, முதல் தடவையாக எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளும் ஆச்சரியப்பட்டாள், நானும்தான்.

அந்த வாரம் முழுக்க அப்பா குழுவில் ஒரு படமும் போடவில்லை. கேமராவை அலமாரியில் வைத்துவிட்டார். காத்தவராயன் எப்போது கூப்பிடுவார் என்று போனை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் கீதா அக்கா சாப்பிடப் போயிருந்தாள். படியில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அப்பா மேலே வந்தார். அவர் என் கடைக்கு வந்ததே இல்லை. விளக்குகளையும் வெள்ளைத் திரையையும் ஒரு நிமிடம் பார்த்தார். வேறு நாளாக இருந்தால் ஒவ்வொரு விளக்கையும் பற்றிக் கேள்வி கேட்டுப் பேஜார் பண்ணியிருப்பார். புடவை கட்டிய பெண் உட்கார்கிற ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"காத்தவராயன் போன் பண்ணாரு" என்றார்.

நான் மவுஸைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

"வேணாம்னுட்டாங்கமா."

காத்திருந்தேன். பின்னால் ஏதாவது வரும். ஜன்னல் வெளிச்சம் ஜாஸ்தியாகிவிட்டது, நாற்காலி பழசு, புடவை எடுப்பாக இல்லை என்று ஏதாவது ஒன்று வரும். அதற்கு ஒரு சரி சொல்லத் தயாராக இருந்தேன்.

"போட்டோவுல ஒரு கொறையும் இல்லியாம். ரொம்ப நல்லா எடுத்துக்கிறீங்கன்னு அந்தத் தம்பி சொல்லச் சொல்லிச்சாம்." அப்பா என் திரையிலிருந்த புடவையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உன் மொகம்தாம்மா. பெரியவனுக்கும் அந்தம்மாவோட அக்காவுக்கும் மனசு ஒப்பலியாம். அந்தத் தம்பியும் யோசிச்சிட்டு, வூட்ல சொல்றபடியே பண்ணிடலாம்னுடிச்சாம்."

அவர் எடுத்த படத்தை நல்லா இருக்கிறது என்று மனதாரப் பாராட்டியது அந்த வீடு மட்டும்தான். அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இதுக்கு முன்னாடியும் அதாம்மா சொன்னாங்க" என்றார். "அத்தினி பேரும் அதத்தான் சொன்னாங்க. நான்தான் லைட்டு, கதவுன்னு உங்கிட்ட மாத்திச் சொல்லிக்கினு இருந்தேன். இந்த வாட்டியும் படி ஏறி வர்றப்ப இன்னா சொல்லலாம்னு யோசிச்சிக்கினே வந்தேன். ஒண்ணும் கெடைக்கல. அவ்ளோ நல்லா வந்துடுச்சி அந்தப் படம்."

"தெரியும்ப்பா" என்றேன்.

"இன்னா தெரியும்?"

"லைட்டு இல்லன்னு தெரியும். மொதல்ல இருந்தே தெரியும்."

தெரிந்துகொண்டே எல்லாச் சுவர் முன்னாலும் வந்து நின்றிருக்கிறேன் என்பது அவருக்குப் புதிது. ஒவ்வொரு தடவை நல்லா இருக்குதுப்பா என்று நான் சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"ஏம்மா சொல்லல?"

"நீங்க திருத்திக்கிறேன்னு சொல்லிடுவீங்களே" என்றேன்.

சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. நின்றுபோய்விட்டது என்று நான் நினைத்திருந்த அழுகை. எனக்கு அந்த வீடு வேண்டியிருந்தது, அது கிடைக்கவில்லை. எனக்கு வலித்தது. மவுஸை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். சிரிப்பில்தான் என் முகம் பாதி. அழுகையில் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி நனைந்திருந்தன.

அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அழாதே என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் கையை விலக்கி, என் முகத்தை நேராக வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கீதா அக்கா படியேறி வருகிற சத்தம் கேட்ட பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.